தாய்மாமனும் நூறு வயது ரயிலும்

லா சப்பல், கடையிலிருந்து
19.01.2025

தம்பி சஞ்சீவனுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. கோபத்தில் எழுதுகிறேன். போனில் கதைத்தால் நீ எல்லாவற்றுக்கும் “ஓமக்கா, ஓமக்கா” என்று சொல்லிவிட்டு உன் பாட்டுக்குச் செய்வாய், நான் அழுதுவிட்டு வைப்பேன். அதனால் இந்த விஷயம் முடியும்வரை உன் போனை எடுக்கப் போவதில்லை. எழுது. தமிழ் மறந்துபோச்சு என்று சாட்டுச் சொல்லாதே. பத்து வயதில் இந்த நாட்டுக்கு வந்த உன்னைச் சனிக்கிழமைகளில் பிடித்து இருத்தி எழுதுவித்தவள் நான்.

யூலை பன்னிரண்டாம் திகதி என் மகள் அக்‌ஷராவுக்குச் சாமத்தியவீடு. லெ பிளாங்-மெனிலில் மண்டபம் பிடித்தபோதே உனக்குச் சொன்னேன், நீயும் சரி என்றாய். போன கிழமை எடுத்து, அன்றைக்குத்தான் உன் ரயில்பாதைக்கு நூறாவது ஆண்டு விழா, விழா வண்டியை நீதான் ஓட்டவேண்டும், வரமுடியாது என்கிறாய். பிள்ளை பெரியவளானதுக்கு விழா என்றால் விளங்கும். ரயிலுக்கு விழா என்று சொன்னால் இங்கே ஆர் நம்புவார்கள்?

நான் வேலை செய்வது சீலைக் கடையில் என்பது உனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் நடக்கிற பாதிச் சாமத்தியவீட்டுக்குச் சீலை தெரிந்து கொடுத்தவள் நான். எல்லார் வீட்டுப் பட அல்பத்திலும் ஒரு மூலையில் தட்டத்தோடு நிற்பேன். இப்போது என் முறை. உன் அத்தானின் பக்கத்தில் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருவார்கள். என் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிள்ளையின் தலையில் பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்க்கிற நேரம் “தாய்மாமன் எங்கை?” என்று கேட்பார்கள். முந்நூறு பேருக்கு முன்னால் நான் தனியே நிற்கவேண்டும். அதை யோசித்தால் சாப்பாடு இறங்குதில்லை.

நீ வந்தால் தம்பி. வராவிட்டால் எனக்குத் தம்பி இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா
நாகேஸ்வரி


ஹனமோரி
03.02.2025

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நத்சுமிக்கு ஜப்பானிய மொழியில் சொன்னேன். கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. அவ என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டா என்று நினைக்கிறேன்.

ஹனமோரி பாதை என்றதும் உங்களுக்குப் பரிஸின் கார் து நோர் மாதிரி ஒரு பெரிய ஸ்டேஷன் மனதில் வரும். இது மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓடுகிற ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி. நானே ஓட்டி, நானே டிக்கெட் வாங்கி, நானே கதவு பூட்டவேண்டும். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற வயதானவர்கள். மிச்ச நேரம் வெறும் இருக்கைகளை ஏற்றிக்கொண்டு ஓடுவேன். இதை நிறுத்திவிட்டு பஸ் விடலாம் என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு வருகிறது. இந்த விழாவுக்கு நிறையச் சனம் வந்தால், இன்னும் கொஞ்சக் காலம் அந்தப் பேச்சை அடக்கலாம் என்று ஊரே பாடுபடுகிறது.

இங்கே வந்து ஏழு வருடம் நான் நத்சுமியின் புருஷனாகத்தான் இருந்தேன். சாரதிப் பரீட்சையில் இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம் பாஸ் பண்ணியபோதும் சனம் பயத்தோடுதான் ஏறியது. விழா வண்டியை யார் ஓட்டுவது என்று பேசியபோது மூத்த சாரதிகளே என் பெயரைச் சொன்னார்களாம். அதைக் கேட்டுவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கோபிக்காமல் ஒன்று கேட்கட்டா? அக்‌ஷரா பெரியபிள்ளையாகி ஒன்றரை வருடமாகிறது. அப்போது பக்கத்து வீட்டு மாமி தண்ணீர் வார்த்தா. இப்போது நடக்கப்போவது மண்டபம் கிடைத்த நாளில் வைக்கிற விழாதானே. அதை ஒரு மாதம் பின்னுக்குப் போட்டால் நான் ஓடி வருவேன். நூறாவது ஆண்டை அப்படித் தள்ளிவைக்க முடியாது, அது வருகிற நாளில் வரும்.

தம்பி
சஞ்சீவன்


லா சப்பல்
23.02.2025

தம்பிக்கு,

மண்டபத்தைப் பின்னுக்குப் போடுவதா? அந்த மண்டபம் அடுத்த வருடம் சித்திரை வரைக்கும் இல்லை. படப்பிடிப்புக்காரர், அலங்காரம் செய்கிற பிள்ளை, பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருகிற மயில் பல்லக்கு, எல்லாம் அந்த ஒரு நாளுக்குத்தான் ஒழுங்கு. உன் அத்தான் ரெஸ்ரோரண்டில் அந்தக் கிழமைக்கு லீவு எடுத்ததே ஒரு பெரிய கதை.

ஒன்றரை வருடமாகிறது என்று எனக்கே கணக்குச் சொல்கிறாய். இங்கே ஆருக்குத்தான் அந்தந்த நாளில் நடக்கிறது? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு, சனத்துக்கு வேலை லீவு, மண்டபம், எல்லாம் சேர்ந்து வரவேண்டும். நீ இங்கே வளர்ந்தவன், உனக்கு இது தெரியாததா?

உன்னை அந்த வேலைக்குத் தெரிந்தது எனக்கும் பெருமைதான். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனால் பெருமையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க முடியாது. வருகிறேன் என்றால் எழுது. இல்லாவிட்டால் முத்திரையை வீணாக்காதே.

நாகேஸ்வரி


ஹனமோரி
30.03.2025

அக்காவுக்கு,

வருகிறேன் என்று எழுதவில்லை. ஆனாலும் முத்திரை ஒட்டுகிறேன்.

போன கிழமை பனி உருகி மலைச்சரிவு ஒன்று இடிந்து தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. ஆறாவது ஸ்டேஷனுக்கு அங்கால் பாதை இல்லை. ஆட்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வண்டிகள் பாதித் தூரம் ஓடித் திரும்புகின்றன, மிச்சத்துக்கு பஸ். திருத்துவார்களா அல்லது இதையே சாட்டாக வைத்து மூடிவிடுவார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. நூறு வருடம் முடிந்த அன்றைக்கு, இந்த மாதம், பங்குனி பத்தாம் திகதி, நாங்கள் நாலைந்து பேர் ஸ்டேஷனில் தேத்தண்ணீர் குடித்து வண்டியின் முகத்தைத் துடைத்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனோம். இரண்டு கிழமையில் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை.

பாதை மூடினால் விழா இல்லை. விழா இல்லை என்றால் நான் யூலையில் உங்களிடம் வருவேன். உங்களுக்கு அது சந்தோஷமாக இருக்கலாம். எனக்கு அப்படி வர விருப்பமில்லை, அக்கா. தோற்றுப்போனவனாக வந்து பிள்ளையின் தலையில் கை வைக்க மனம் வராது.

சஞ்சீவன்


லா சப்பல்
14.04.2025

என் தம்பிக்கு,

முதலில் இதைச் சொல். அந்த மண் இடிந்தபோது நீ வண்டியில் நின்றாயா? ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் எனக்குக் காணுமா? உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்து, ஒரு சீலையைப் பிழையாக வெட்டிவிட்டேன்.

புதுவருடத்துக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். உன் பாதை திருந்தவேண்டும், வண்டி ஓடவேண்டும் என்று உருகிக் கும்பிட்டு, கற்பூரமும் கொளுத்திவிட்டு வந்தேன். மெத்ரோப் பாலத்தடியில் நிற்கிறபோதுதான் நான் என்ன கேட்டேன் என்று யோசித்தேன். பாதை திருந்தினால் நீ வரமாட்டாய். அதையா நான் போய்ப் பிள்ளையாரிடம் கேட்டேன்? திரும்பிப் போய் மாற்றிக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. கேட்டது கேட்டதுதான்.

அடுத்தது, பங்குனி பத்து. உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நூறு வருடம் முடிந்தது பங்குனி பத்தாம் திகதி என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் யூலை பன்னிரண்டு என்ன, மகனே? நூறாவது ஆண்டு வருகிற நாளில் வரும், தள்ளிவைக்க முடியாது என்று எனக்குப் பாடம் எடுத்தாயே. உன் ரயிலும் மண்டபம் கிடைக்கும்வரை காத்திருந்ததோ? ரயிலுக்கும் பிந்தித்தான் சாமத்தியவீடு என்று உன் அத்தானுக்குச் சொன்னேன். அந்த மனுசன் தேத்தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தது.

சிரிப்பு வந்தது என்பதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. கவனமாக ஓட்டு.

அக்கா


ஹனமோரி
12.05.2025

அன்பான அக்காவுக்கு,

பிடித்துவிட்டீர்கள். பங்குனியில் இங்கே மேல் ஸ்டேஷன்களில் இன்னும் பனி. வெளியூர்ச் சனம் வராது, வாத்தியம் வாசிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அதனால் கம்பனி விழாவை யூலைக்குத் தள்ளியது. உங்களோடு வாதாடும்போது அதைச் சொல்லாமல் மறைத்தேன். சொன்னால் நீங்கள் வென்றுவிடுவீர்கள் என்று பயம்.

மண் இடிந்தபோது நான் வீட்டில் படுத்திருந்தேன். நீங்கள் பயப்படவேண்டாம்.

பாதையைத் திருத்துகிறார்கள். ஊர்ச்சனம் கையெழுத்துச் சேர்த்து, மண் அள்ளக்கூடப் போனார்கள். யூன் முதலாம் திகதி முழுப் பாதையும் திறக்கிறது. இந்தச் செய்தி வந்த அன்று எல்லாரும் குதித்தார்கள், நானும் குதித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உங்களுக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தும் எனக்காகக் கும்பிட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு எனக்கு வண்டியில் மனம் நிற்கவில்லை.

இன்று காலை கம்பனிப் பெரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். விழா வண்டியை மூத்த சாரதி ஒருவர் ஓட்டட்டும், நான் பரிஸுக்குப் போகவேண்டும், என் அக்காவுக்கு நான் ஒருத்தன்தான் என்றேன். அவர் சரி என்று தலை குனிந்து வணங்கினார். பயணத்துக்கு ஒழுங்கு செய்துவிட்டேன். யூலை பன்னிரண்டு நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன், அக்கா. மயில் பல்லக்கையும் தூக்குகிறேன்.

சஞ்சீவன்


லெ பிளாங்-மெனில், வீட்டிலிருந்து
13.05.2025

என் செல்லத் தம்பிக்கு,

மண்டபத்தைக் கைவிட்டாச்சு. கதிரையில் இருந்து படி.

போன சனிக்கிழமை அக்‌ஷராவுக்குச் சீலை கட்டிப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பாதியில் எழும்பிப்போய் அறைக்குள் பூட்டிக்கொண்டாள். கதவுக்கு உள்ளே இருந்து பிரெஞ்சில் கத்தினாள். இது எனக்கில்லை, உனக்குத்தான் என்று. நானும் வெளியில் நின்று கத்தினேன். கனநேரத்துக்குப் பிறகு தானே கதவைத் திறந்து, எங்களோடு தமிழில் கதைக்கவே பஞ்சிப்படுகிற பிள்ளை, சொல்லுச் சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னாள்.

“அம்மா, எனக்கு உது வேண்டாம். நான் பெரியபிள்ளை எண்டு முந்நூறு பேருக்குக் காட்டுறது எனக்கு வெக்கமா இருக்கு. மாமா தண்ணி வாத்தால் காணும். வேறை ஒருத்தரும் வேண்டாம்.”

நான் உன் அத்தானைப் பார்த்தேன், இந்த மனுசன் பிள்ளையை ஏசும் என்று. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நான் உதைத்தான் ஒரு வருசமாச் சொல்லப் பயந்துகொண்டிருந்தனான்” என்றார். இந்த வீட்டில் இந்த விழாவை விரும்பிய ஆள் நான் ஒருத்திதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் நானும் விரும்பினேனா என்று தெரியவில்லை. சனம் என்ன சொல்லும் என்ற பயத்தைத்தான் இவ்வளவு நாளும் விருப்பம் என்று நினைத்திருக்கிறேன்.

மண்டபத்துக்காரருக்குச் சொன்னேன். அந்தத் திகதியைப் பின்னேரத்துக்குள் வேறொரு வீட்டுக்காரர் எடுத்துவிட்டார்கள். அவர்கள் சீலை எடுக்க என்னிடமே வந்தார்கள். மனதுக்குள் சிரித்துக்கொண்டு நல்ல சீலையாகத் தெரிந்து கொடுத்தேன். தலையில் இருந்த பாறாங்கல் இறங்கிய மாதிரி இருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

இனிக் கேள். நாங்கள் மூன்று பேரும் யூலையில் உன்னிடம் வருகிறோம். டிக்கெட் எடுத்தாச்சு. உன் ரயிலின் விழாவைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு உன் கையால் தண்ணீர் வார்த்தால் சரி. நீதான் ஓட்டவேண்டும். வேறு ஆரும் ஓட்டினால் நான் ஏறமாட்டேன்.

அக்கா


ஹனமோரி
26.05.2025

அக்கா,

இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் படித்து முடித்துத் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறபோதுதான் நீங்கள் போன் எடுத்தீர்கள். நாலு மாதத்துக்குப் பிறகு உங்கள் குரலைக் கேட்கிறேன், நீங்களோ ஹலோவும் சொல்லாமல் “விசரா, ஆரடா உன்னை விடச் சொன்னது?” என்று தொடங்கினீர்கள். பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் நத்சுமி பயந்துபோய் அறைக்குள் வந்தா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்து, இரண்டு விழாவையும் இல்லாமல் ஆக்கப் பார்த்தோம்.

மறுநாள் பெரியவரிடம் போய் என் அக்கா மண்டபத்தை விட்டுவிட்டா, வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று சொன்னேன். அவருக்கு அது என்ன விளங்கியதோ தெரியாது. என் இடத்துக்குப் போட்ட மூத்த சாரதிதான் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். விழா வண்டியை ஓட்டுகிறவர் மைக்கில் பேசவும் வேண்டும். அந்தப் பேச்சை மனுசன் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு வேண்டுகோள். ஸ்டேஷனில் கற்பூரம் கொளுத்தக்கூடாது. உங்களை எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். மாம்பழமும் கொண்டுவராதீர்கள், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

சஞ்சீவன்


லா சப்பல்
27.07.2025

அன்புத் தம்பிக்கு,

வந்து சேர்ந்து வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். கடையில் எல்லாருக்கும் படம் காட்டியாச்சு. இது என்ன விழா என்று கேட்கிறவர்களுக்கு, என் தம்பியின் ரயிலுக்கு நூறு வயது என்று சொல்கிறேன். இப்போது நம்புகிறார்கள்.

நீ வெள்ளைக் கையுறையோடு முன்னால் விரலை நீட்டி நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டு ஓட்டினாய். நான் நீ தேவாரம் சொல்கிறாய் என்று நினைத்து என் பாட்டுக்குக் கையைக் கூப்பிக்கொண்டு இருந்தேன். நீ சிக்னலைப் பார்த்துச் சொல்கிறாய் என்று அக்‌ஷரா பிறகுதான் சொன்னாள். பரவாயில்லை, கும்பிட்டது வீண்போகாது. வழிநெடுக வயலில் நின்ற சனம் கொடி ஆட்டியபோது உன் அத்தான் அழுதார். கண்ணில் தூசி என்றார். கண்ணாடி பூட்டிய பெட்டிக்குள் தூசி எங்கே இருந்து வந்ததோ.

விழாவில் எல்லாருக்கும் கொடுத்த அந்தச் சிவப்புச் சோற்றை நான் முதலில் சந்தேகத்தோடுதான் வாயில் வைத்தேன். பயறு போட்ட சோறு, உப்பு எள்ளு. அன்று பின்னேரம் உன் மாமியார் வீட்டிலும் அதையே ஒரு பானையில் ஆக்கி, முதல் கிண்ணத்தை அக்‌ஷராவுக்கு வைத்தா. ரயிலுக்குச் செய்ததில் மிஞ்சியதோ என்று கேட்டேன். நத்சுமி சிரித்துவிட்டுச் சொன்னா, இங்கேயும் பெண்பிள்ளை பெரியவளானால் இந்தச் சோறுதான் ஆக்குவார்களாம். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லையாம். சோற்றைக் கண்டால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு விளங்குமாம். இதைக் கேட்டு அக்‌ஷரா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். நாங்கள் முந்நூறு பேருக்குக் கார்ட் அடிக்கிறதை அந்த மனுசி ஒரு கிண்ணத்தில் முடித்துவிட்டா.

நீ தண்டவாளக் கரையில் பிடுங்கிவந்த அறுகம்புல்லைப் பாலில் தோய்த்துப் பிள்ளையின் தலையில் வைத்தாய். தண்ணீர் வார்க்க அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்தப் பல்லக்கிலும் வந்திருக்காது. என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. நான் நிம்மதியாக இருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அங்கே வைத்துக் கேட்டால் அழுகை வந்துவிடும் என்று விட்டேன். விழாக் கூடாரத்தில் சாரதியின் வீட்டாருக்கு என்று கதிரைகள் போட்டிருந்தார்கள். நத்சுமியின் பக்கத்தில் ஆட்கள் நிறைந்து நின்றுகொண்டும் இருந்தார்கள். உன் பக்கத்தில் நாங்கள் மூன்று பேர். நாங்கள் வராவிட்டால் அந்தப் பக்கம் வெறுமையாகத்தானே கிடந்திருக்கும்? எனக்கு ஆள் இல்லை, எனக்கு ஆள் இல்லை என்று நான் கத்தினேனே, உனக்கும் ஆள் இல்லை என்று ஒரு வரி நீ எழுதவில்லை.

நத்சுமி இன்னொன்றும் சொன்னா. உன் பக்கத்தில் யார் வருவார்கள் என்று கம்பனியில் மாசியிலேயே கேட்டார்களாம். நீ உடனே “அக்கா வருவா” என்று சொன்னாயாம். மாசியில் நான் உன் போனையே எடுக்கவில்லை. தம்பி இல்லை என்று எழுதிவிட்டு இருந்தேன். அப்போது என்ன துணிவில் அப்படிச் சொன்னாய்?

அக்கா


ஹனமோரி
10.08.2025

அன்பான அக்காவுக்கு,

விழாவுக்குப் பிறகு வெளியூர்ச் சனம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. அடுத்த மூன்று வருடத்துக்குப் பாதையை மூடும் பேச்சு இல்லை என்று போன கிழமை அறிவித்தார்கள். வயதானவர்கள் ஏறும்போது, பரிஸ் அக்கா சுகமா என்று என்னிடம் கேட்கிறார்கள். நீங்கள் மேல் ஸ்டேஷனில் ஒரு மனுசிக்குச் சீலை கட்டிவிட்டீர்களாம், அதைக் கழற்ற மனமில்லாமல் இரவுவரை அப்படியே இருந்தாவாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். துணிவு ஒன்றும் இல்லை, அக்கா. உன் பக்கத்தில் யார் என்று கேட்டார்கள். எனக்குச் சொல்ல வேறு பெயர் இல்லை.

தம்பி
சஞ்சீவன்